தரை ஓட்டையாகும்வரை காத்திருக்கச் சொல்லும் வாரண்டி

அனுப்புநர்
செயற்கைப் பல் செய்பவர்,
நீச்சல் பயிற்சியாளரின் மனைவி,
கடலைப் பார்த்த கடைசி வீடு.

பெறுநர்
அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர் அலுவலகம்.

பொருள்: காரின் அடித்தகட்டில் துருத் தடுப்புப் பூச்சு அடித்துக்கொள்ளவும், அதைக் காரணம் காட்டி வாரண்டியை ரத்து செய்யாதிருக்கவும் எழுத்துமூல உத்தரவு கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் நேரில் கொடுத்த முந்தைய மனு. பதில் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மனுவை எழுதும்போது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பயம் இருக்கிறது. எனவே இம்முறை மரியாதையாகவும் சுருக்கமாகவும் எழுத முயல்கிறேன். எங்காவது தவறினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் நீச்சல் பயிற்சியாளர். ஒரு விபத்துக்குப் பிறகு அவரால் நடக்க முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்கவும் முடியாது. தினமும் அதிகாலையில் நீச்சல் குளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிள்ளைகளை விரட்டி விரட்டி நீந்த வைக்கிறார். அவரை அழைத்துப் போவதற்காகவே இந்தக் காரை வாங்கினோம். பின் இருக்கையை எடுத்துவிட்டு, தரையைத் துளைத்து, நாற்காலியைப் பூட்டும் நான்கு போல்ட்டுகளைப் பொருத்திக் கொடுத்தது காரை விற்ற ஷோரூமேதான். வெளியாள் கை எதுவும் அதில் படவில்லை.

2. வீடு கடலோரம். காற்றிலேயே உப்பு. போதாததற்கு, திரும்பி வரும்போது நாற்காலிச் சக்கரங்களிலிருந்து குளத்துத் தண்ணீர் காருக்குள் சொட்டும். சென்ற மழைக்காலத்தில் டயர் பஞ்சரானது. கடைக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, "அக்கா, போல்ட்ட சுத்தி துரு அரிச்சிருக்கு, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார். குனிந்தேன். அன்று தொடங்கிய குனிதல் இன்னும் நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் பாயும் டார்ச்சுமாகக் காருக்கடியில் போய்விடுகிறேன். தெருவில் எனக்கு 'மெக்கானிக்கம்மா' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

3. உடனே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். துருவுக்கு வாரண்டி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார் மேலாளர். ஆனால் தகடு முழுவதும் அரித்து ஓட்டை விழுந்தால்தான் உண்டாம். மேலே படிந்த துருவுக்குக் கிடையாதாம். "ஓட்டை விழட்டும் மேடம், கொண்டு வாங்க, தகட்டையே மாத்தித் தர்றோம்" என்று சிரித்த முகத்தோடு சொன்னார். அந்தத் தகட்டின் மேல்தான் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவருக்கு இரண்டு முறை சொன்னேன்.

4. சரி, ஓட்டை விழாமல் இருக்கப் பூச்சாவது அடித்துக் கொடுங்கள் என்றேன். போல்ட்டைக் கழற்றாமல் அந்த இடத்தில் அடிக்க முடியாது, போல்ட்டைக் கழற்றுவது ஷோரூம் வேலை என்றார்கள். ஷோரூமிலோ, பூச்சு சர்வீஸ் சென்டர் வேலை என்கிறார்கள். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன, ஐயா. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான். வெளிக் கடையில் அடித்துக்கொள்ளட்டுமா என்றால், வாரண்டி போய்விடும் என்கிறார்கள். ஆனால் வாசல்வரை வழியனுப்ப வந்த அதே மேலாளர், "பேசாம வெளியில அடிச்சுக்கோங்க மேடம், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று காதோடு சொன்னார். அதை இங்கே எழுதியதற்கு அவர் என்னை மன்னிக்க வேண்டும். காதில் சொன்னதை நான் எந்த அலுவலகத்தில் காட்டுவேன்?

5. இதற்கிடையில் என் கணவரின் தம்பி அக்கறையோடு ஒரு தார்ப்பாய் வாங்கி வந்து, காரைத் தரைவரை போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்து அடைத்தார். உள்ளே ஈரம் புழுங்கித் துரு இன்னும் பரவியது. மறுமுறை சர்வீஸுக்குப் போனபோது அதையும் எங்கள் பராமரிப்புக் குறை என்று எழுதிக்கொண்டார்கள். செய்தாலும் குற்றம், சும்மா இருந்தாலும் குற்றம் என்றாகிவிட்டது.

6. நான் பல் செட் செய்பவள். மேலே பளபளப்பாக இருக்கும் பல் உள்ளே கூடாகிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். அதனால்தானோ என்னவோ, என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அச்சு வார்க்கும்போதும் நினைப்பு அந்த போல்ட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் ஏதோ முனகுகிறது. கண்ணாடியில் பார்த்தால், என் கணவர் ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியைப் பற்றியிருக்கிறார். பயமா என்று கேட்டால் கையை எடுத்துவிடுவார். சென்ற வாரம், "இன்னிக்கு மழை வர்ற மாதிரி இருக்கு, போக வேணாம்" என்றார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மழைக்குப் பயந்து நீச்சலுக்குப் போகாத பயிற்சியாளரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

7. எனவே தாங்கள், அடித்தகட்டில் தண்ணீர் வடிவதற்கான துளைகளை அடைக்காமல், துருவைச் சுரண்டி, காயவைத்து முறையாகப் பூச்சு அடித்தால் வாரண்டி செல்லும் என்று நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கித் தர வேண்டும். செல்லாது என்றால், பூச்சு எந்தப் பாகத்தைக் கெடுக்கும் என்பதையாவது அவர்கள் எழுதட்டும். ஆள் உட்கார்ந்த நாற்காலியைத் தாங்கும் தகட்டுக்கு 'ஓட்டை விழட்டும்' என்ற விதி பொருந்தாது என்றும் அறிவுறுத்த வேண்டும். நேரில் பார்வையிட யாரையாவது அனுப்பினால், பாயும் டார்ச்சும் தயாராக இருக்கின்றன.

8. வரும் வியாழக்கிழமை பூச்சுக் கடையில் நேரம் வாங்கியிருக்கிறேன். அதற்குள் தங்கள் கடிதம் வந்தால் வாரண்டியோடு அடிப்பேன். வராவிட்டால் வாரண்டி இல்லாமல் அடிப்பேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். விரைந்து ஆவன செய்வீர்கள் என்ற நம்பிக்கையை இன்னும் விடாமல் வைத்திருக்கிறேன்.

இடம்: கடலோரக் குடியிருப்பு
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்)
பயிற்சியாளரின் மனைவி

இணைப்பு:
அ. வாரண்டிப் புத்தக நகல்.
ஆ. அடித்தகட்டின் புகைப்படங்கள்.
இ. காகிதத்தில் மடித்த துருச் செதில் ஒன்று. கவனமாகப் பிரிக்கவும், உதிரும். பின்பக்க வலது போல்ட்டின் ஓரத்திலிருந்து இன்று காலை என் நெற்றியில் விழுந்தது. நேற்று குளத்துக்குப் போய் வந்தபோது இது என் கணவரின் காலடியில் தரையாக இருந்தது.