காலைப் பார்க்காதே, கையைப் பார்

மச்சான்,

குளிர்கால ரயரை மாற்றக் காரின் பின்பெட்டியைத் திறந்தேன். மூலையில் உன் கறுப்புக் கையுறைகள். பந்து வழுக்காமலிருக்க உள்ளங்கை பிசுபிசுக்குமே, அவைதான். கடைசிப் பயிற்சி முடிந்து நீ விட்டுப்போனவை. வியர்வையும் ஈரப் புல்லும் இன்னும் மணக்கின்றன. ரயரை விட்டுவிட்டு அங்கேயே குந்திவிட்டேன்.

டிராஃப்ட் வருகிறது. அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரிப் பையன்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் இந்தக் காலத்தில், ரொம்சோஸில் உங்கள் வீட்டுச் சோபாவில் நாம் இருவரும் பெரிய நிபுணர்கள். யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்வோம். சமையலறையில் உன் அம்மா, எனக்கு அன்ரி, றோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்பார். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் உனக்கு எப்போதும் உயர்ந்த, தடித்த, வேகம் குறைந்தவர்களையே பிடிக்கும். நம் கிளப்பில் நீயும் அப்படித்தானே. "பஸ் திரும்புற மாதிரித் திரும்புறான்" என்று உன்னையும் சேர்த்தே நக்கலடிப்பேன்.

நீ கோபிக்கமாட்டாய். வீடியோவை நிறுத்திப் பின்னுக்கு இழுப்பாய். "காலைப் பாக்காதை. பந்து காத்தில நிக்கேக்க கையைப் பார். விலத்தி ஓட ஏலாதவன், ஒட்டி நிக்கிறவனோடையே பந்தைப் பிடிக்கோணும்."

போன வசந்தம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நீ தெரிந்தெடுத்த பையனும் அந்த இனம்தான். எதிராளி கழுத்தில் தொங்கினாலும் பந்தை விடமாட்டான். அவன் ஓட்டத்தை அளந்தபோது எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். நானும்தான்.

"இவனை ஒருத்தரும் எடுக்கமாட்டாங்கள், மச்சான்."

"எடுப்பாங்கள். நீ இருந்து பார்."

வழக்கமாக "பாப்பம்" என்று இருவரையும் சேர்த்தே சொல்பவன் நீ. தே-பான் சுரங்க ரயிலில் வீடு திரும்பும்போதுதான் அது எனக்கு உறைத்தது. முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்தப் பையனைக் கடைசிச் சுற்றில் எடுத்தார்கள். மறுநாள் நீ போன எட்டாம் நாள், உன் எட்டுச் செலவு. அன்ரி வாழையிலையில் றோல்ஸ், பொரித்த மீன், பழுப்புச் சீஸ் வைத்த பாண் எல்லாம் படைத்துவிட்டு, "தம்பி, இவனுக்கு வேறை என்ன விருப்பம்? ஏதும் விட்டுப்போச்சோ?" என்று கேட்டார். நான் கைபேசியை இலையோரம் வைத்து, அவன் பெயரை அறிவித்த காட்சியை ஓடவிட்டேன். அந்த மலைபோன்ற பையனை அவன் தாய் கட்டிப்பிடித்து அழுதாள். அன்ரி குனிந்து பார்த்தார்.

"குடுத்துவைச்ச தாய்," என்றார்.

அந்த வார்த்தையை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. உனக்குச் சொல்லவேண்டிய செய்தி அது. நீ துள்ளிக் குதித்து என்னை ஏசியிருக்கவேண்டிய நாள். மச்சான், வேகமில்லாதவன் என்று நான் சிரித்த நீ எனக்கு முன்னால் ஓடிவிட்டாய்.

நேற்றுக் கையுறைகளை அன்ரியிடம் கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டார், திருப்பித் தரவில்லை. நான் சோபாவில் என் பக்கத்தில் இருந்து, இந்த வருடத்துப் பெரிய பையன் ஒருவனின் வீடியோவைப் போட்டேன். அன்ரி வந்து உன் இடத்தில் இருந்தார். ஆட்டத்தில் ஒரு விதியும் அவருக்குத் தெரியாது.

"ஓட்டம் காணாது அன்ரி. ஆள் சரியான ஸ்லோ," என்றேன், வாய்ப்பழக்கத்தில்.

"காலைப் பாக்காதை தம்பி," என்றார். "கையைப் பார்."

இத்தனை வருடமும் சமையலறையில் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். வீடியோவை நிறுத்திப் பின்னுக்கு இழுத்தேன். இருவரும் கையைப் பார்த்தோம்.