பாசி உலர்த்திய பத்திரிகைகளுக்காகத் தடுத்து வைக்கப்பட்டவர்

அனுப்புநர்:
க. சிவபாதசுந்தரம்,
முன்னாள் பத்திரிகை நிருபர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பொலிஸ் அத்தியட்சகர் அவர்கள்,
கொழும்பு.

விடயம்: என் சகோதரியின் மகள் செல்வி யோ. அருந்ததியை விடுவிக்கக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. அருந்ததி தாவரவியல் ஆய்வு மாணவி. என் வீட்டில் வசிப்பவராகப் பொலிஸில் முறைப்படி பதியப்பட்டவர். நீர்கொழும்புக் களப்பின் உவர்நீரில் நிற்கும் கண்டல் மர வேர்களில் வளரும் பாசிகளைச் சேகரிக்கிறார். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் சேறுதான். ஆனால் ஒரே வேரில், மேலே வெயிலைத் தாங்கும் கருஞ்சிவப்புப் பாசி, அதன் கீழ் இலைபோல் மெல்லிய வேறொன்று, சேற்றோரம் பச்சை இழைகள் என்று, நீர் ஏறி இறங்கும் மட்டத்துக்கேற்ப இனங்கள் மாறுகின்றன. அவற்றைப் பிரித்தறிவதே அவரது ஆய்வு.

2. பாசியைத் தாளில் படியவைத்து, பழைய பத்திரிகைகளுக்கிடையே அழுத்தி உலர்த்துவது வழக்கம். நனைந்த பத்திரிகைகளைத் தினமும் மாற்ற வேண்டும். அவற்றை அவர் கடலைப் பார்த்த பலகணியில் கொடி கட்டிக் காயப்போட்டார். அது கடலில் வரும் இயக்கத்தினருக்குக் காட்டும் அடையாளம் என்று எவரோ முறையிட்டிருக்கிறார்.

3. கடந்த செவ்வாய்க்கிழமை காலை தேடுதல் குழு வந்தது. "ஐயா, பேப்பரைக் கொண்டுபோங்கோ. பாசியில கை வைக்காதேங்கோ, அதுதான் என்ர சாட்சி" என்று அருந்ததி மன்றாடினார். தமிழ் தெரிந்த அதிகாரி, "இது ஊத்தை, தங்கச்சி. பேப்பர்தான் வேணும்" என்றார். எங்கள் சமையலறைக் கரண்டியாலேயே பாசிகளைச் சுரண்டி, மீன்செதில் கிடந்த வாளியில் கொட்டினார்கள். பிறகு பத்திரிகைகளோடு அவரையும் கொண்டு சென்றார்கள். தேடுதல்களைப் பற்றிப் பல தடவை எழுதியவன் நான். அந்த வாளியைப் பார்த்தபோது வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

4. அப்பத்திரிகைகள் என்னுடையவை. அவற்றிலுள்ள போர்ச் செய்திகளில் சில நான் எழுதியவை. தணிக்கை அதிகாரி வாசித்து அனுமதித்தவை. அரசாங்கம் அனுமதித்த தாளில் பாசி உலர்த்தியது எந்தச் சட்டப்படி குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. விசாரிக்க வேண்டுமாயின் என்னை அழையுங்கள்.

5. பலகைகளுக்கிடையே வாரிட்டு இறுக்கிய ஒரு பாசிக் கட்டு மட்டும் தப்பியது. தேடுதல் முடியும்வரை குழுவினரில் ஒருவரே அதன்மேல் அமர்ந்திருந்ததால் எவரும் அதைக் கவனிக்கவில்லை. அதைத் தங்கள் முன் கொண்டுவர ஆயத்தமாக உள்ளேன். அருந்ததியையே அழைத்துப் பிரிக்கச் செய்து, கண்ணால் பார்த்து, அவரை விடுவியுங்கள். பழக்கமில்லாத கை பட்டால் பாசி கிழிந்துவிடும். தாள் மாற்ற அவர் இல்லாததால் கட்டுக்குள் பூஞ்சண மணம் வரத் தொடங்கிவிட்டது. தாமதித்தால், அவர் சொன்னது உண்மையென்று காட்ட எதுவும் மிஞ்சாது.

இடம்: வெள்ளவத்தை
திகதி: 16.11.1998

இங்ஙனம்,
க. சிவபாதசுந்தரம்