நீ விட்டுப்போன கத்தரிக்கோல்

அன்பானவளுக்கு,

சாக்ரமெண்டோவில் துணி வெட்டக் கத்தரிக்கோல் இல்லாமல் தவிப்பதாக எழுதியிருந்தாய். இங்கே இருப்பதை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாயன்று பையூட்டுப் பழங்குடி வீரர்கள் நம் தபால் நிலையத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே பட்டாளத்தார் எட்டுப் பேரும் நானும். மாலையில் சுடுவது கொஞ்சம் ஓய்ந்தபோது, புகைக்குள்ளிருந்து ஒருவன் நடந்து வந்தான். தபால் குதிரைகள் மிரளுகின்றன என்று நீ அதட்டிய நாளிலிருந்து, தன் குதிரையை ஓடையருகே விட்டுவிட்டு நடந்து வருகிறவன் அவர்களில் நம் சிநேகிதன் பாக்வி ஒருவன்தான். அது என் நினைவுக்கு வந்தபோது அவன் விழுந்து கிடந்தான். என் துப்பாக்கிக் குழல் இன்னும் சூடாக இருந்தது.

"யாருய்யா சுட்டது? வெறுங்கையோடல்லவா வந்தான்!" என்று சார்ஜண்ட் கத்தினார். நான் துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

சண்டை ஓய்ந்த மறுநாள் பாக்வியின் மனைவி வந்தாள்.

"அக்காவோட கத்தரியக் குடு. முடிய வெட்டணும்."

புருஷன் செத்தால் அவர்கள் அப்படித்தான். கொடுத்தேன். வாசலில் நின்றே காதுவரை வெட்டிக்கொண்டாள். கத்தரியைப் பாவாடையில் துடைத்துத் திருப்பித் தந்தாள்.

"நீயாவது பொழைச்சியே. அக்கா முடிய வெட்ட வேண்டாம்."

அவள் போனதும் கத்தரியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நீ அங்கேயே வேறொன்று வாங்கிக்கொள்.

உன் கணவன்