பட்டியலில் ஏறாத பொருள்

அன்புள்ள என் குடைக்காரருக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம்தான், வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறீர்கள் என்று உங்கள் அக்கா சொன்னார். போனை அணைத்துவிட்டால் நான் விட்டுவிடுவேனா? கடிதத்தை அணைக்க முடியாதே!

நம் குடைக் கம்பெனியை மூடக் கோர்ட்டிலிருந்து கலைப்பாளர் வருகிறார் என்றதும், போட்ட சட்டையோடு பஸ் ஏறினீர்கள் அல்லவா? அவர் இந்தத் திங்கட்கிழமை வந்தார். வாசலில் தன்னை இங்கிலீஷில் லிக்விடேட்டர் என்று சொல்லியிருக்கிறார். நம் வாட்ச்மேன் ஏதோ லிக்விட் விற்க வந்தவர் என்று நினைத்து, “பினாயில் போன வாரந்தான் வாங்கினோம், அடுத்த மாசம் வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் கோபப்படவில்லை. தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு, கோர்ட் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நானும் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் பேர்தான் கலைப்பாளர். வந்ததிலிருந்து அடுக்கிக்கொண்டே இருக்கிறார். கம்பி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், கைப்பிடி ஒரு பக்கம். பன்னிரண்டு வருஷமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் நீங்கள் செய்யாததை மூன்றே நாளில் முடித்துவிட்டார். எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்டிக்கர், ஒரு நம்பர். என் சாப்பாட்டு டப்பாவுக்குக்கூட நாற்பத்தொன்று! அது என்னுடையது என்று சண்டை போட்டேன். திறந்து பார்த்துவிட்டு ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்தார்.

துணி வெட்டும் நம் ‘கத்திரி’ பட்டென்று கேட்டுவிட்டார், எங்கள் கதி என்ன என்று. இருப்பதை நல்ல விலைக்கு விற்பது, வந்ததைச் சட்டம் சொன்ன வரிசைப்படி கொடுப்பது, கடைசியில் கம்பெனியின் பேரைப் பதிவேட்டிலிருந்து எடுப்பது, இதுதான் தன் வேலை என்றார். சம்பளப் பாக்கி முன்வரிசையில் நிற்குமாம். “அப்ப, சாவு வீட்டுல கூடவே நின்னு எல்லாத்தையும் முடிச்சுக் குடுக்கற பெரிய மனுஷன் மாதிரி” என்றார் கத்திரி. அவரும் யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார்.

உங்கள் பயம் எனக்குத் தெரியாதா? வீடு போய்விடும், ஊர் காறித் துப்பும், ஜெயிலில் போடுவார்கள். அவரிடமே கேட்டுவிட்டேன். எல்லாக் காகிதத்தையும் பார்த்தாராம். வீட்டை நீங்கள் எங்கேயும் அடகு வைக்கவில்லை, எதையும் ஒளிக்கவுமில்லை. “கம்பெனி வேறம்மா, உங்க வீட்டுக்காரர் வேற. நொடிச்சுப்போறது குத்தமில்ல” என்றார். பாத்ரூமுக்குள் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

இன்னொன்று. என் அம்மா வீட்டுத் தையல் மெஷின், முதல் குடையை நாம் தைத்த அதே மெஷின், அதற்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். நேற்று அவரே உரித்தார். கம்பெனிக் கணக்கில் அது இல்லையாம். இப்போது நம் கூடத்தில் இருக்கிறது. எண்ணெய் போட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நீங்கள் நேரில் வந்து அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். கம்பெனிப் பொருள் வெளியே ஏதாவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். ஒன்று இருக்கிறது, அக்கா வீட்டில் போர்வைக்குள் கிடக்கிறது என்றேன். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். “அது பட்டியல்ல வராதும்மா. உங்க பொருள், நீங்களே எடுத்துக்கங்க” என்றார்.

அதற்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கு நிலையத்தில் நிற்பேன். இங்கே தினமும் மழை. நம் வீட்டில் இருந்ததும் கம்பெனிக் குடைகள்தானே, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். நனைந்துகொண்டுதான் நிற்பேன். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டிக்கர் ஒட்டாத
உங்கள் மனைவி