திருகாத பிலிம்

வேலூர்
18.11.2024

அன்புள்ள அஃப்ரோஸுக்கு,

நான் உனக்குச் செய்வினை வைத்துவிட்டதாக உன் மருமகள் அலீனா சொல்லி வருகிறாளாம். எனக்குப் பழைய கேமராக்கள் தேடித் தரும் ஆபித் பாஷா ஆம்பூர் போய்வந்து சொன்னார். அதை முதலில் திருத்திவிடுகிறேன். நான் எதையும் வைக்கவில்லை. பிலிமைத் திருக மறந்தேன். நடந்தது அவ்வளவுதான்.

கோட்டை அகழியையும் கொக்குகளையும் எடுத்து அலுத்துவிட்டது. மனித முகம் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டேன். முதல் முகம் உன்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் உன் வீட்டு முற்றத்தில் உன்னை நிறுத்தினேன். அந்தப் பெட்டிக் கேமரா எனக்குப் புதிது. அதற்கு நம் வயது இருக்கும். ஒரு படம் எடுத்ததும் பக்கத்துக் குமிழைத் திருகிப் பிலிமை நகர்த்த வேண்டும். மறந்தால் அடுத்த படம் முந்தையதன் மேலேயே விழும். உன்னிடம் வந்ததற்கு முந்தைய நாள் கல்லறைத் திருநாள். சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, என் கணவரின் கல்லறையை எடுத்தேன். திருகவில்லை. மறுநாள் நீ அதன்மேல் வந்து நின்றுவிட்டாய்.

பிலிம் கழுவித் தரும் சென்னைக் கடையில் ஒரு பிரதியை நேரே உனக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன், நீ மகிழட்டும் என்று. நான் பார்க்காமல் ஒரு படத்தை வெளியே விட்டது இதுவே முதல் தடவை.

டிசம்பர் ஐந்தாம் தேதி உன் இருதய ஆபரேஷன். படத்தைப் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்றும் ஆபித் பாஷா சொன்னார். அது பொய்தானே? போன் செய்தால் அலீனா எடுத்து, "அம்மி தூங்குறாங்க" என்கிறாள். காலை பதினொரு மணிக்கா?

உன்
ஹில்டா ஜெயசீலன்


ஆம்பூர்
21.11.2024

ஹில்டாவுக்கு சலாம்.

காலையில் தூங்குவது நிஜம்தான். ராத்திரி படுத்தால் மூச்சு பேஜார் பண்ணுகிறது. தலையணைகளை அடுக்கிவைத்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறேன். அதை விடு.

கவரைப் பிரித்தது அலீனா. "அய்யோ, இன்னா இது, அம்மி மேல கல்லறை!" என்று அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். மகன் ரஃபி, வேலை முடிந்து ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் பிடுங்கிப் பார்த்தான். 'இங்கே துயில்கிறார்' என்ற எழுத்து சரியாக என் இடது மார்பின்மேல் ஓடுகிறது. "இதெல்லாம் நாம நம்பக் கூடாது" என்றான். சொன்னவனே சாப்பிடாமல் எழுந்து போனான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, "ஜனவரிக்கு மேல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டான். நானும் சரி என்றேன். பிள்ளைக்கு மனசு ஒப்பாமல் எதற்கு?

எனக்குப் படம் பிடித்திருக்கிறது. முகத்தில் சுருக்கமே கம்மி. ஆனால் துப்பட்டாவில் ஜெயசீலன் அண்ணன் பெயரோடு நிற்கிறேனே, அங்கே மேலே என் வீட்டுக்காரர் உன் வீட்டுக்காரரிடம் என்ன சண்டை போடுகிறாரோ!

அலீனாவைக் கோபிக்காதே. நல்ல பெண். பயந்துவிட்டாள்.

அஃப்ரோஸ்


வேலூர்
30.11.2024

அன்புள்ள அஃப்ரோஸுக்கு,

'உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறேன்' என்று எழுதிவிட்டு, 'அதை விடு' என்கிறாய். என்னால் விட முடியவில்லை.

இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு நானே போய் விசாரித்தேன். ஐந்தாம் தேதியை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் சொல்ல வேண்டும். விட்டால் மார்ச் ஆகுமாம். மூச்சு இப்படி இருக்கும்போது மார்ச்வரை காத்திருப்பது சரியில்லை என்று அங்கிருந்த நர்ஸ் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

நீ என் படத்துக்குப் பயப்படவில்லை. கான்வென்ட் பள்ளியில் ஊசி போட வந்த அன்று வயிற்றுவலி என்று சொல்லி, ஜெபக்கூடத்தின் பின்னால் ஒளிந்தவள் நீ. உன்னைத் தேடி இழுத்து வந்தவள் நான். பிள்ளைக்கு மனசு ஒப்பவில்லை என்பதும் அதே வயிற்றுவலிதான்.

இத்துடன் தனிக் கவரில் ஒரு படம் இருக்கிறது. அலீனாவே பிரிக்கட்டும். உன் கடிதம் வந்ததும் அதே கேமராவோடு அதே கல்லறைக்குப் போனேன். ஒரு படம் எடுத்தேன். குமிழைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் நின்றுகொண்டு, ஆபித் பாஷாவை எடுக்கச் சொன்னேன். "வேணாம் மேடம், தெரிஞ்சே செய்றீங்களே" என்று அவர் கேமராவைத் திருப்பி நீட்டினார். ஆடாமல் பிடித்து எடுங்கள் என்று அதட்டினேன். பார்சலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், காட்பாடியில் ரயிலேறி நானே சென்னையில் கொடுத்துக் கழுவி வாங்கி வந்தேன்.

பார்த்துக்கொள். எனக்கு எழுத்து நெற்றியின்மேல் விழுந்திருக்கிறது. இப்போது இருவரும் அதே கல்லின்மேல்தான் நிற்கிறோம். அதில் கேடு இருந்தால் எனக்கும் பாதி வரட்டும். எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை, தூக்கம் போனதைத் தவிர. அதற்குக் காரணம் படம் இல்லை, நீ.

ஆபித் பாஷா இதை உன் கையில்தான் கொடுப்பார். கூடத்தில் காத்திருப்பார்; ஒரு டீ கொடுக்கச் சொல். ஐந்தாம் தேதி வியாழக்கிழமை, ஆபரேஷனுக்கு வருகிறாயா இல்லையா என்பதை உன் கையால் எழுதி அவரிடம் கொடு.

ஹில்டா