பெயிலாகட்டும் என்று நான் கேட்ட கார்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு வெயில். ஆரணி பல் டொக்டர் படிப்புக்கு எடுபட்டுவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இளையவள் வசந்தியின் பிள்ளைகள் (நான் இருக்கும் வீடு):
கஜன் – எஞ்சினியர். முதல் வகுப்பு. மார்ச் 10 திங்கள் பேர்மிங்ஹாமில் புது வேலை.
ஆரணி – மேலே எழுதியபடி.

மூத்தவள் மலரின் பிள்ளைகள் (லண்டன் எட்மண்டன்):
பிரவீன் – கணக்குப் போட்டியில் பதக்கம்.
மிதிலா – வயலின், எட்டாம் கிரேட்.

நான் ஐந்தாம் வகுப்பு.

இன்னொன்றின் ரிப்போட்டும் என் அலுமாரியில் இருக்கிறது. கஜன் மூன்று வருடத்துக்கு முன் பழசாக வாங்கிய சிவப்புக் கார். அவனைவிட இரண்டு வயதுதான் குறைவு. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், தரையோடு தரை. லொறிக்காரனின் கண்ணில் இது படுமா? ரோட்டில் ஓடத் தகுதியா என்று வருடா வருடம் எம்.ஓ.டி. சோதனை. கடதாசியைக் கஜன் வாசித்துச் சொல்வான், நான் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைப்பேன்.

முதல் வருடம் – பாஸ்.
இரண்டாம் வருடம் – பாஸ். முன் ரயர் தேய்வு, அடி இரும்பில் கறள் பிடிக்கத் தொடங்குகிறது, கவனிக்கவும்.
மூன்றாம் வருடம் – பெயில். அடித்தகடு உக்கி ஓட்டை. ஒட்டுப் போட்ட பிறகு பாஸ்.

நாலாவது இந்த வியாழன், பத்து மணிக்கு.

மார்ச் 3, திங்கள்

குளிர். முழங்கால் உளைவு. பயற்றங்காய்க் கறி.

"தம்பி, பேர்மிங்ஹாமுக்கு ரெயினில போவன்."

"அம்மம்மா, இந்தக் காரில போகலாம் எண்டுதான் அந்த வேலையையே எடுத்தனான்."

அடுப்படியில் வசந்திக்குச் சிரிப்பு. "அவனுக்கு இனிப் பொம்பிளை பாக்கத் தேவையில்லை அம்மா. கட்டீட்டான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மோட்டர்வே. அந்த ஒட்டுத் தகடு. விளக்கு வைக்கும்போது பிள்ளையாரிடம் கேட்டுவிட்டேன்: இந்த முறை பெயிலாக வேண்டும், திருத்தவே ஏலாத பெயில். பதினொரு தேங்காய். போன வருடங்களில் பாஸாக வேண்டும் என்று நாலு ரயருக்குக் கீழேயும் தேசிக்காய் வைத்தவளும் நான்தான். பிள்ளையாருக்கும் குழப்பமாக இருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

குப்பை எடுக்கும் நாள். வாளியை வெளியே இழுத்தபோது கண்டேன். காரின் பின்சில்லுக்கு உட்பக்கம் ஈரம். இரவு மழை இல்லை. குனிந்து தொட்டேன். மஞ்சள் நிறம், வழுக்கல். சில்லின் உட்பக்கமும் பிசுபிசு. பெற்றோல் மணம் இல்லை.

பிள்ளையார் கேட்டதைத் தந்துவிட்டார் என்று நினைத்தேன். கஜனிடம் சொன்னால் இன்றைக்கே திருத்துவான், வியாழன் பாஸாகிவிடும். சோதனைக்காரர் தானே கண்டு பெயிலாக்கட்டும். கராஜ் அடுத்த தெரு. கஜன் பெட்டி அடுக்குகிறான், வியாழன் வரை எங்கும் போகமாட்டான்.

பழைய துவாயால் துடைத்தேன். கஜனின் கண்ணில் படாதபடி பூச்சட்டி மண் கொஞ்சம் தூவினேன்.

"அம்மா, இவ்வளவு நேரம் வெளியில என்ன செய்தனீங்கள்?"

"வாளி கழுவினனான்."

துவாயைக் குப்பை வாளியின் அடியில் போட்டேன்.

மார்ச் 5, புதன்

நல்ல குளிர்.

குளித்துவிட்டு வந்தால் வீட்டில் சத்தமில்லை. கார் இல்லை. மேசையில் வசந்தி எழுதிய துண்டுக் கடதாசி: "அக்கா சாப்பிடக் கூப்பிட்டவ. கஜனோடை எட்மண்டன் போறன். பின்னேரம் வருவம்."

எட்மண்டன் லண்டனின் மற்றத் தொங்கல், அவ்வளவு தூரம். வசந்தியும் அதற்குள்.

வசந்திக்குப் போன் எடுத்தேன். அடுப்படியில் அடித்தது, விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கஜனுக்கு எடுக்கப் பயம், ஓடிக்கொண்டே காதில் வைப்பானோ என்று. பிறகு எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. மலருக்கு எடுத்தேன். "இன்னும் வரேல்லை அம்மா. ரோட்டில சனமாயிருக்கும்."

10.40 திரும்ப மலரிடம் கேட்டேன். இல்லை.
11.00 இல்லை. சைரன். யன்னலுக்கு ஓடினேன். இந்த ஊரில் எத்தனை சைரன்.
11.15 இல்லை. துடைத்த கை இது. மண் தூவிய கை இது.

11.25 மலர்: "இப்பதான் வந்திறங்கினவை." கஜனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"தம்பி, கார் ஒழுகுது. பின்சில்லில. மஞ்சளா."

"எப்ப கண்டனீங்கள்?"

"நேற்று."

"வரேக்க பிரேக் பெடல் கொஞ்சம் கீழ போனது. குளிருக்கு எண்டு நினைச்சன்." பிறகு, "ஏன் சொல்லேல்லை?"

"சொன்னாத் திருத்திப்போடுவாய். பெயிலாகட்டும் எண்டு."

"அம்மம்மா… அம்மாவும் உள்ளுக்கு இருந்தவ."

வைத்துவிட்டான்.

காரை லொறியில் ஏற்றி வந்து கராஜில் விட்டார்கள். தாயும் மகனும் ரெயினில் வந்தார்கள். நான் மறைத்ததை அவன் தாயிடம் சொல்லவில்லை. "நல்ல காலம் அம்மா, அவனே கண்டிட்டான்," என்கிறாள் வசந்தி. ஓம் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

மழை.

பெயில். பின்சில்லுக்குப் போகும் பிரேக் குழாயைக் கறள் தின்றுவிட்டது. இன்னொரு தரம் பலமாக மிதித்திருந்தால் பிரேக்கே இருந்திராது என்று சோதனைக்காரர் சொன்னாராம். இதுவும் வசந்தி சொல்லித்தான். கஜன் கடதாசியை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டான். பெயில் என்ற சொல்லின் இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. பின்பக்கம் வெறுமை.

கேட்டது கிடைத்துவிட்டது. பதினொரு தேங்காயை எந்த முகத்தோடு கொண்டுபோய் உடைப்பேன்?

மார்ச் 8, சனி

காற்று. குழாய் எல்லாம் புதிதாகப் போட்டார்களாம். மறுசோதனையில் பாஸ். கராஜில் காரை எடுத்துக்கொண்டு நேரே பேர்மிங்ஹாம் போகிறான். பெட்டியோடு வாசலில் நின்றான், சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

"அம்மம்மா, இனி என்ன கண்டாலும் உடன சொல்லுங்கோ. நான் ஏசமாட்டன்."

"ஏசு. ஏசினா என்ன."

"கார் வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு நேர சொல்லுங்கோ."

"வேண்டாம்."

சிரித்துவிட்டான். மூன்று நாளுக்குப் பிறகு. "சரி, சொல்லீட்டிங்கள். போயிட்டு வாறன்."

3.10க்குப் போன். போய்ச் சேர்ந்துவிட்டான். அதுவரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெயில். நித்திரை இல்லை. புதுக் குழாயை நான் கண்ணால் காணவில்லை. பாஸ் என்று சொல்வது கடதாசி. போன வருடக் கடதாசியும் கடைசியில் பாஸ்தான்.

போனில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். புது அறை, பல் தெரியச் சிரிப்பு. எல்லாம் கடுகளவு. உடனே போன் எடுத்துச் சொன்னேன்: தம்பி, உன்ர முகம் என்னட்டை நிறைய இருக்கு. அங்க ஒரு கராஜில காரைத் தூக்கச் சொல்லி, அடியில நிண்டு அந்தக் குழாயைப் புதுசா ஒரு படம் எடு. பெரிசாக் கடதாசியில கழுவித் தபாலில அனுப்பு. முன்சில்லு, பின்சில்லு, ரெண்டும் தெரியவேணும்.