கழிவு போக நாற்பத்தாறு

என் ஜைனபுக் குட்டிக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மஞ்சள் காமாலை முற்றி உன்னை மதுரைக்குக் கொண்டு போனபோது, அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று உன் அத்தாவிடம் சொன்னேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கே இன்னும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது.

போன வாரம் விருதுநகரில் உங்கள் கடைப்பக்கம் போனேன். உன் அத்தா, "வாங்கம்மா, டீ சாப்பிடுறீகளா?" என்றார். உன் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இங்கே ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வீட்டுக்கு வீடு அரசாங்கக் கலர் டிவி வந்துவிட்டது. சீரியலைப் பார்த்துக்கொண்டே சரவெடி பின்னுகிறார்கள். நம் மையம் அப்படியேதான் இருக்கிறது. பட்டாசு வேலையை விட்டு வந்த பிள்ளைகளுக்கு ஒரு வருடம் பாடம் சொல்லி, ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்கிற அதே வேலை. உன் கணக்கு வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முத்துமாரியை மறந்திருக்க மாட்டாய். ஒன்பது வயது, எப்போதும் விரல் நுனியில் பசை காய்ந்திருக்கும். ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு வெடி, நான்கு கட்டில் எத்தனை என்று நான் கேட்டதற்கு, நாற்பத்தாறு என்றாளே, அவள்தான். வாய்ப்பாடு கூடத் தெரியாதா என்று அதட்டினேன். அடுத்த அறையிலிருந்து நீ வந்தாய், புர்கா முழுக்கச் சாக்பீஸ் தூளோடு.

"அக்கா, எப்படி வந்துச்சுன்னு பிள்ளைகிட்டக் கேளுங்க."

"நாப்பத்தெட்டுத்தான் டீச்சர். ரெண்டு கழிவு போயிரும்ல" என்றாள் அவள்.

திரி கழன்றது, வாய் பிளந்தது என்று, பின்னியதை எடுக்க வருகிறவர்கள் எப்படியும் இரண்டை ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்துவரும் கணக்கு அது. நீ பலகையில் இரண்டு எண்ணையும் எழுதினாய். எந்தக் கேள்வி கேட்டால் நாற்பத்தெட்டு வரும், எந்தக் கேள்விக்கு நாற்பத்தாறு வரும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னாய். அரை மணி நேரம் ஒரே கணக்கு. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இப்படிப் போனால் பாடம் முடிந்த மாதிரிதான் என்று பஸ் ஸ்டாப்பில் உன்னோடு சண்டை போட்டேன்.

"போடத் தெரியுது அவளுக்கு. என்ன கேக்காகன்னு யோசிக்கவும் தெரியுது. அதக் கெடுத்துறாதீக அக்கா" என்றாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நீ போனபிறகு அதைத்தான் செய்தேன், ஜைனபு. ஐந்தாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளியில் ஒரு பரீட்சை வைப்பதாகச் சொன்னார்கள். முத்துமாரியின் அம்மா என்னிடம் கறாராகப் பேசினாள். "இந்த வருசம் சேத்துக்கிட்டாகன்னா படிக்கட்டும் டீச்சர். இல்லாட்டி வீட்லயே இருக்கட்டும். நான் ஒத்த ஆளு எம்புட்டு வெடிதான் பின்ன?" எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கழிவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று முத்துமாரிக்கு உத்தரவு போட்டேன். மறந்துபோய் ஒரு நாள் கழித்துவிட்டாள். 'கணக்கில் கழிவு கிடையாது' என்று ஐம்பது தடவை எழுத வைத்தேன். எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். நல்ல கையெழுத்து என்று பாராட்டினேன். எனக்கு எப்படித்தான் மனசு வந்தது?

அதன்பிறகு அவள் ஒரு கணக்கையும் முழுதாக வாசிக்கவில்லை. எண்களைப் பார்த்தவுடன் என் முகத்தைப் பார்ப்பாள். "டீச்சர், இதுல கழிக்கணுமா, கூடாதா?" நானும் சொல்லிவிடுவேன். விடை சரியாக வந்தது. வகுப்பு சீக்கிரம் முடிந்தது. உன்னைவிட நான் கெட்டிக்காரி என்றுகூட ஒரு நாள் நினைத்துக்கொண்டேன்.

பரீட்சையில் முதல் கணக்கு முட்டைக் கணக்கு. ஆறு அட்டை, அட்டைக்குப் பன்னிரண்டு, ஐந்து உடைந்தது, மீதி எத்தனை? எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தாள். மற்ற கணக்குகளில் ஒரு கோடுகூட இல்லை. கேட்பதற்கு அங்கே நான் இல்லையே.

அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நேற்று வீட்டுக்குப் போனேன். டிவிக்கு முன்னால் அம்மாவும் மகளும் பின்னிக்கொண்டிருந்தார்கள். உடைந்த முட்டையை ஏன் கழிக்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்கதான கழிவப் பாக்கக் கூடாதுன்னீக" என்றாள். குரலில் கோபம் இல்லை. கை நிற்கவும் இல்லை. "எனக்குக் கணக்கு வராது டீச்சர். விடுங்க."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இருபது வருடம் பாடம் சொன்னேன் என்று இனி யாரிடம் சொல்லிக்கொள்ள? நீ இருந்திருந்தால் திட்டவாவது திட்டியிருப்பாய்.

பள்ளிக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன், அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை அவள் அம்மா பொறுக்க மாட்டாள். முத்துமாரி படிக்கத் திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் நாளைச் சாயங்காலம் மறுபடியும் போவேன். அவள் அம்மாவும் கேட்கும்படி, "உனக்குக் கணக்கு வரும். தப்பாச் சொல்லிக் கொடுத்தது நான்" என்று சொல்வேன். அவள் நம்புகிறவரை ஒவ்வொரு சாயங்காலமும் போய்ச் சொல்வேன். இந்த ஒரு வாக்கைத்தான் உனக்குத் தர முடிகிறது.

நீ இருந்தபோது உன் பேச்சைக் கேட்காத உன் அக்கா,
மாரீஸ்வரி